ஊதியம் பெறாத ஆசிரியர்கள்

மாலையில் பள்ளி விட்டபின் சிறுமியரை ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தும், பாட்டும் தையலும் பழக்கியும், இருட்டுமுன் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொண்டர் குழுக்களை இன்று நம் நாட்டுப் பெருநகரங்களிற் காணலாம். கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அலுவலகத்தினின்று நேரே வரும் இளைஞர், அண்டை வீட்டுப் பெண்டிர் ஆகியோர் இப்பணியைச் செய்கின்றனர். இஃது அண்மையில் தோன்றிய வழக்கம் என்று கருதுவார் உளர். உண்மையில் இதன் வயது நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேல். இந்தியாவின் மேற்குக் கரையில் பெண்கல்வி வேரூன்றிய வரலாற்றை நுணுகிப் பார்த்தால், அதன் அடியில் இருப்பது அரசாங்க ஆணையும் அன்று, பெரும் பள்ளிக் கட்டடமும் அன்று. தம் படிப்பு நேரம் போக எஞ்சிய பொழுதைச் சிறுமியர்க்குக் கொடுத்த சில மாணவரும், அவர்கட்குத் தம் வீட்டுத் தாழ்வாரத்தைக் கொடுத்த சில குடும்பங்களுமே என்பது புலனாகும்.

வேலையின்பொருட்டு மும்பையிலும் புனேயிலும் குடியேறி வாழும் தமிழ் நேயர்கள், கிர்காம் தெருக்களிலும் புனேயின் பழைய பேட்டைகளிலும் பலகால் நடந்திருப்பர். அத்தெருக்களில் நிகழ்ந்ததையே இங்குச் சொல்லப் புகுந்தோம்.

1840-களின் பம்பாயை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். கப்பல் வாணிகத்தால் செல்வம் கொழித்த நகரம் அது. பார்சியர், குஜராத்தி வணிகர், மராத்தியர், கொங்கணியர் எனப் பல இனத்தார் நெருங்கி வாழ்ந்தனர். ஆண்பிள்ளைகட்கு எல்பின்ஸ்டன் கல்விக்கூடம் இருந்தது. ஆங்கிலமும் கணிதமும் வரலாறும் கற்ற முதல் தலைமுறை அதிலிருந்து வெளிவரத் தொடங்கியிருந்தது. பெண்களுக்குப் பள்ளி அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பாதிரிமார் 1824-இலேயே அந்நகரில் பெண்பள்ளி ஒன்றைத் திறந்தனர். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் வில்சனின் மனைவியார் மார்கரெட் வில்சன், 1829-இல் பம்பாய் வந்து, 1835-இல் அங்கேயே மறையும்வரை பெண்பள்ளிகளுக்காக உழைத்தார். ஆயினும் வசதி படைத்த குடும்பங்கள் அப்பள்ளிகளை அண்டவில்லை. 1839-இல் பார்சி இளைஞர் இருவர் கிறித்தவராகிய செய்தி அந்நகரையே உலுக்கிவிட்டது. மகனையே நம்பி அனுப்ப அஞ்சியவர்கள் மகளை எங்ஙனம் அனுப்புவர்?

மதமாற்ற அச்சம் ஒருபுறமிருக்க, வேறு தடைகளும் இருந்தன. எழுத்தறிந்த பெண் விரைவில் கணவனை இழப்பாள் என்ற மூடநம்பிக்கை மராத்தியரிடையேயும் வங்காளியரிடையேயும் பரவியிருந்தது. பத்து வயது நிரம்புமுன் மணம் பேசி முடித்துவிடும் வழக்கமோ எல்லாவற்றினும் பெருந்தடை. பெண் தெருவிற் சென்று படித்துவரலாகாது என்ற எண்ணத்தில் இந்து, பார்சி என்ற வேற்றுமை மிகுதியாக இல்லை.

இந்நிலையில் 1848-ஆம் ஆண்டில் எல்பின்ஸ்டன் மாணவரும் இளம் ஆசிரியரும் சேர்ந்து 'மாணவர் இலக்கிய அறிவியற் சங்கம்' என்றொரு கழகத்தை அமைத்தனர். அங்குப் பேராசிரியராயிருந்த பேட்டன் என்னும் ஆங்கிலேயர் அதற்கு ஊக்கம் அளித்தார். கட்டுரை படிப்பதும் அதன்மேல் விவாதம் செய்வதும் சங்கத்தின் வேலை. ஆங்கிலம் அறியாதாரும் பயன்பெற வேண்டும் என்று, மராத்தியிலும் குஜராத்தியிலும் 'ஞானப் பிரசாரக சபை' என்ற கிளைகள் எழுந்தன. கூட்டம் கூடிப் பேசிக் கலைந்துபோகும் எத்தனையோ சங்கங்களுள் இதுவும் ஒன்றாக முடிந்திருக்கலாம். 1849-இல் பெண்கல்வி குறித்து ஒருவர் படித்த கட்டுரை அதை வேறு வழியில் திருப்பிவிட்டது. பெண்கல்வி வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டனர். கட்டுரைக்குக் கைதட்டுவதோடு நிற்கலாமா, செயலில் இறங்குவது யார் என்ற வினா எழுந்தது. பேட்டனும் அதையே வற்புறுத்தினார். அப்போது சில இளைஞர் எழுந்து, தாங்களே ஊதியமின்றிக் கற்பிப்பதாக முன்வந்தனர்.

அவர்களுள் ஒருவர் தாதாபாய் நௌரோஜி. பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையின் தலைவராகவும், பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினராகவும், இந்தியாவின் வறுமைக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய பொருளியல் அறிஞராகவும் நாம் அறிந்த அந்த முதியவர், அப்பொழுது இருபத்துநான்கு வயதுடைய இளைஞர். தாதாபாய் ஏழைப் புரோகிதக் குடும்பத்திற் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். சம்பளம் கேட்காத பள்ளி இருந்தமையால்தான் அவர் தாய் அவரைப் படிக்கவைக்க முடிந்தது. பொதுமக்கள் பணத்தில் தாம் கற்றதை உணர்ந்து, அந்தக் கல்வியை மக்களுக்கே திருப்பிச் செலுத்தவேண்டும் என்று இளமையிலேயே முடிவு செய்ததாகப் பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பெருந்தொண்டர் பலரும் முதுமையில் இவ்வாறு எழுதுவதுண்டு. தாதாபாய் விஷயத்தில் அது வெறும் அலங்காரச் சொல் அன்று என்பதற்கு அந்தக் காலைநேர வகுப்புகளே சான்று.

வகுப்புகள் எவ்வாறு அமைந்தன என்பதுதான் இவ்வரலாற்றில் மிகச் சுவையான பகுதி. இளைஞர்கள் இருவரும் மூவருமாகச் சேர்ந்து வீடு வீடாகச் சென்றனர். "உங்கள் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் என்ன விடை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பெண் உட்காரட்டும், நாங்கள் வந்து சொல்லிக் கொடுக்கிறோம் என்றுதான் கேட்டனர். சிலர் அன்போடு வரவேற்றனர். சிலர் கதவை அடைத்தனர். இத்தகைய பேச்சைப் பேசினால் படியிலிருந்து கீழே தள்ளிவிடுவேன் என்று ஒரு தந்தை மிரட்டியதாகத் தாதாபாயின் வரலாறு கூறுகிறது. தள்ளப்பட்டாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டியதுதானே!

தாழ்வாரம் என்ற அந்த இடத்தை நாம் சற்றுக் கருத வேண்டும். அது தெருவும் அன்று, வீட்டின் உள்ளும் அன்று. உள்ளிருக்கும் பாட்டியும் தாயும் எட்டிப் பார்க்கலாம். தெருவிற் போவாரும் பார்க்கலாம். மறைவாக எதுவும் நிகழ்வதில்லை என்பதே அதன் பலம். அயலான் ஒருவன் வீட்டினுள் நுழைந்தான் என்ற பழி தந்தைக்கு வராது. பெண் படி தாண்டினாள் என்ற பழி தாய்க்கும் வராது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை இங்கு நினைவு கூரலாம். தமிழ்நாட்டில் ஆண்பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகியும் எண்சுவடி ஒப்பித்தும் வளர்ந்த அதே வகை இடத்தில்தான் பம்பாய்ச் சிறுமியர் கற்பலகையோடு உட்கார்ந்தனர். கட்டடம் இல்லாமையைக் குறையாக எண்ணாமல் அதையே வாய்ப்பாகக் கொண்டமை அவ்விளைஞரின் மதிநுட்பம் என்பேன்.

நேரத்தைத் தேர்ந்ததிலும் அதே நுட்பம் தெரிகிறது. கல்லூரி வேலை தொடங்குமுன் காலையில் அவர்கள் கற்பித்தனர். ஆசிரியர்க்குத் தம் வேலை கெடவில்லை. பகலில் வீட்டு வேலைக்குப் பெண்பிள்ளையின் கை வேண்டும் என்ற தாய்மார்க்கும் மறுக்கக் காரணம் இல்லை. எழுத்து, படிப்பு, கணக்கு ஆகியவற்றைத் தாய்மொழியிலேயே சொல்லிக் கொடுத்தனர். பார்சிச் சிறுமியர் குஜராத்தியிலும் இந்துச் சிறுமியர் மராத்தியிலும் கற்றனர். ஆங்கிலம் படித்த இளைஞர் தம் மாணவியர்க்கு ஆங்கிலத்தைப் புகட்ட விரையாமல் வீட்டு மொழியில் தொடங்கியது, பெற்றோரின் ஐயத்தை மேலும் தணித்தது. 1849 முடிவதற்குள் பார்சிச் சிறுமியர் 44 பேரும் இந்துச் சிறுமியர் 24 பேரும் இவ்வகுப்புகளிற் சேர்ந்தனர். அறுபத்தெட்டுப் பேர் என்பது சிறு தொகைதான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீட்டில் நடந்த வாதத்தை எண்ணிப் பார்ப்பவர்க்கு அது சிறிதாகத் தோன்றாது.

அதே ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கல்கத்தாவில் பெத்யூன் துரை ஒரு பெண்பள்ளியைத் திறந்தார். அவர் கவர்னர்-ஜெனரலின் ஆலோசனைச் சபை உறுப்பினர், செல்வாக்கு மிகுந்தவர். சிறுமியரை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்தார். பெண்ணையும் பேணிக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்துடைய சமஸ்கிருத வாசகம் ஒன்று அவ்வண்டியின் பக்கங்களில் எழுதப்பட்டிருந்தது. முதல் நாள் வந்தவர் 21 பேர். அங்கும் தொண்டர் துணையின்றிக் காரியம் ஆகவில்லை. தட்சிணாரஞ்சன் முகர்ஜி தம் வீட்டைக் கொடுத்தார். பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் தம் இரு பெண்களையும் முதன்முதலாக அனுப்பியதோடு, ஊதியம் வாங்காமல் கற்பித்தார். அச்சிறுமியர்க்கென்று வங்காளப் பாடநூலும் எழுதினார். அந்தப் பள்ளிக்கும் பம்பாய் வகுப்புகளுக்கும் உள்ள வேற்றுமை, கல்கத்தாவில் வண்டி வீட்டு வாயிலுக்கு வந்தது, பம்பாயில் பள்ளியே வீட்டு வாயிலுக்கு வந்தது என்பதுதான்.

இளைஞரின் ஊக்கம் ஓராண்டு தாங்கும், பிறகு? இந்த வினா பம்பாய்ச் சங்கத்தாருக்கு விரைவில் எழுந்தது. மாணவன் என்றும் மாணவனாக இருப்பதில்லை. படிப்பு முடிகிறது, உத்தியோகம் வருகிறது, குடும்பம் வருகிறது. தாதாபாயே 1850-இல் எல்பின்ஸ்டனில் துணைப் பேராசிரியரானார். 1851-இல் 'ராஸ்த் கோப்தார்' என்னும் குஜராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். 1855-இல் காமா குடும்பத்தாரின் வாணிகக் கூட்டாளியாக இலண்டனுக்குக் கப்பலேறினார். மற்றவர்களும் ஒவ்வொரு திசையாகப் போயினர். தொண்டரை மட்டும் நம்பிய வகுப்பாக இருந்திருந்தால் 1855-க்குள் கலைந்திருக்கும்.

கலையாமற் காத்தது ஊர்ப் பெரியோரின் துணை. பார்சி வகுப்புகளுக்குக் காமா குடும்பத்தார் பொருளுதவி செய்தனர். மராத்தி வகுப்புகளுக்கு ஜகந்நாத் சங்கர்சேட் கிர்காமில் இடம் கொடுத்தார். நகரத்தின் தலையாய இந்துச் செல்வரான அவர் வீட்டு எல்லைக்குள் பெண்கள் படிக்கிறார்கள் என்றால், அக்கம்பக்கத்தார் வாயைத் திறக்க எத்துணைத் தயங்கியிருப்பர் என்பதை ஊகிக்கலாம். மருத்துவரும் தொல்பொருள் ஆய்வாளருமான பாவு தாஜி பல ஆண்டுகள் சங்கத்தின் பெண்பள்ளிகட்குத் துணை நின்றார். பணம் வந்தபின் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தொண்டர்களின் வேலை மாறியது. பாடம் சொல்வதை விட்டு, பள்ளியை மேற்பார்ப்பது, பரீட்சை வைப்பது, பரிசு கொடுப்பது, நன்கொடை திரட்டுவது என்றாயிற்று. பின்னர்ப் பார்சிப் பெண்பள்ளிகளை அச்சமூகத்தார் தனிச்சங்கம் அமைத்து ஏற்றுக்கொண்டனர். எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் எதைப் படிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, 1857-இல் 'ஸ்த்ரீ போத்' என்ற குஜராத்தி மாதர் இதழ் பிறந்தது.

ஒன்றை மட்டும் அவ்விளைஞரால் செய்ய இயலவில்லை. அவர்கள் ஆடவர். பத்து வயதுவரை ஆடவர் முன் உட்கார்ந்து படித்த சிறுமி, அதற்குமேல் உட்கார வீட்டார் விடவில்லை. மணமும் வந்துவிடும். கல்வி அரும்பும் பருவத்தில் கற்பலகை கைநழுவும். இந்தச் சிக்கலுக்கு விடை, கற்பிக்கப் பெண் வேண்டும் என்பதே. சங்கத்தார் அதை அறிந்திருந்தனர். பெண் ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதுதான் தெரியவில்லை.

விடை புனேயில் ஓராண்டு முன்னரே தோன்றியிருந்தது. 1848-இல் அந்நகரில் பிடே என்பாரின் வாடாவில் ஜோதிராவ் புலே ஒரு பெண்பள்ளியைத் திறந்தார். வாடா என்பது நடுவே முற்றம் வைத்துக் கட்டிய பெரிய மராத்திய வீடு. ஜோதிராவ் தோட்டக்கார மாலி வகுப்பினர். அப்போது அவருக்கு இருபத்தோரு வயது. அவர் மனைவி சாவித்திரிபாய் 1831-இல் சதாராப் பகுதியிலுள்ள நாய்காமில் பிறந்தவர். ஒன்பது வயதில் மணமாகி வந்தவர். கணவரிடம் எழுத்துக் கற்று, பின்பு முறையான ஆசிரியப் பயிற்சியும் பெற்று, அப்பள்ளியில் தாமே ஆசிரியராக நின்றார். கற்றவள் கற்பிப்பவளாக வந்துவிட்டாள். பம்பாய் இளைஞர்கள் விடை தேடிக்கொண்டிருந்த சிக்கல் ஒரே வீட்டில் தீர்ந்துவிட்டது.

அதற்கு அவ்வீட்டார் கொடுத்த விலை பெரிது. சாவித்திரிபாய் பள்ளிக்குப் போகும் வழியில் சேறும் சாணமும் எறியப்பட்டன என்றும், மாற்றிக்கொள்ள வேறொரு சேலையையும் அவர் உடன் கொண்டு சென்றார் என்றும் சொல்லப்படுகிறது. ஊராரின் நெருக்குதலால் ஜோதிராவின் தந்தையே 1849-இல் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டுப் போகச் சொன்னார். உஸ்மான் ஷேக் என்ற நண்பர் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தார். 1856-இல் சாவித்திரிபாய் நோயுற்றுப் பிறந்த ஊரில் தங்கியிருந்தபோது கணவர்க்கு எழுதிய கடிதத்தில், தாம் இல்லாமையால் பாத்திமாவுக்கு வேலைச்சுமை கூடியிருக்குமே, ஆயினும் அவள் முணுமுணுக்கமாட்டாள் என்ற கருத்தை எழுதுகிறார். அத்தொண்டைக் குறித்த பெரும் பாராட்டுரைகளைக் காட்டிலும், தம் பங்கு வேலை இன்னொருத்தி தலையில் விழுந்ததே என்ற இந்தச் சிறு கவலை எனக்கு மிகுதியாகப் பேசுகிறது.

புலே தம்பதியர் தனித்து நிற்கவில்லை. சதாசிவ கோவண்டே, மோரோ விட்டல் வால்வேகர், சகாராம் பராஞ்சபே முதலிய நண்பர்கள் நன்கொடை திரட்டினர். அவர்களுட் பிராமணரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மேஜர் கேண்டி என்ற ஆங்கிலேயர் புத்தகங்கள் கொடுத்து உதவினார். 1851, 1852-ஆம் ஆண்டுகளில் மேலும் பள்ளிகள் திறந்தனர். ஊரார் முன்னிலையில் மாணவியர்க்குப் பரீட்சை வைத்தனர். பெண்ணுக்குப் படிப்பு ஏறாது என்று சொன்னவர் கண்ணாரக் காணட்டும் என்ற நோக்கம் அதில் இருந்திருக்க வேண்டும். 1852 நவம்பரில் அரசாங்கம் விச்ராம்பாக் வாடாவில் கூட்டம் கூட்டி ஜோதிராவுக்குச் சால்வை போர்த்திச் சிறப்புச் செய்தது.

பம்பாய் வகுப்புகளுக்கும் இப்பள்ளிகளுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்குத் துரோகம். பம்பாயில் தாழ்வாரம் இருந்த வீடுகளுக்கே ஆசிரியர் போயினர். தாழ்வாரமே இல்லாத குடிசைகளிலும் சேரிகளிலும் இருந்த சிறுமியர் அவர்கள் கண்ணிற் படவில்லை. புனேயில் மஹார், மாங்கு வகுப்புக் குழந்தைகளுக்கும் பள்ளி திறக்கப்பட்டது. அங்குப் படித்த முக்தாபாய் என்ற மாங்குச் சிறுமி, தன் மக்கள் படும் துயரத்தைக் குறித்து எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதயம்' என்ற பத்திரிகையில் வெளிவந்தது. அப்பொழுது அவளுக்கு வயது பதினான்கு என்பர். தன் இனத்துப் பெண்கள் மழையிலும் குளிரிலும் கூரையின்றிப் பிள்ளை பெறுவதை எழுதுகிறாள். ஒருசாரார் மட்டுமே உரிமை கொண்டாடி ஏனையோரைப் புறந்தள்ளும் மதம் தங்களுக்கு எங்ஙனம் மதமாகும் என்று கேட்கிறாள். ஏறத்தாழ மூன்றாண்டுப் படிப்பில் விளைந்த எழுத்து அது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருத்தி அச்சேற்றிய மிகப் பழைய எழுத்துகளுள் அதுவும் ஒன்று.

சாவித்திரிபாய் 1897 மார்ச் 10-ஆம் நாள், புனேயில் பிளேக் நோயாளர்க்குப் பணிவிடை செய்கையில் அந்நோய் தொற்றி மறைந்தார். 2014-இல் புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது.

அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அதே நகரில் பெண்களே பெண்களுக்காக நடத்தும் இன்னொரு முயற்சி கிளைத்தது. அதன் நடுநாயகம் ரமாபாய் ரானடே. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயை 1873-இல் தம் பதினோராவது வயதில் மணந்தபோது அவருக்கு எழுத்துத் தெரியாது. கணவரே கற்பிக்கத் தொடங்கினார். வீட்டு மூத்த பெண்டிருக்கு அது பிடிக்கவில்லை. பகலெல்லாம் கூட்டுக்குடும்பத்து வேலை, அவ்வேலையினிடையே குத்தல் பேச்சு, இரவில் பாடம். இவற்றையெல்லாம் 1910-இல் வெளிவந்த தம் மராத்தி நினைவு நூலில் ரமாபாய் கசப்பின்றி எழுதியிருக்கிறார். இந்தியப் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே எழுதிய தொடக்ககால நூல்களில் அது சிறந்த இடம் பெற்றது.

1901-இல் கணவரை இழந்த ரமாபாய், அந்நாளைய வழக்கப்படி மூலையில் ஒடுங்கிவிடவில்லை. 1909-இல் புனேயில் சேவாசதனம் தொடங்கியது. கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கோபால கிருஷ்ண தேவதர் அதன் பெரும் உழைப்பாளி, ரமாபாய் தலைவி. குடும்பப் பெண்டிரும் விதவைகளும் அங்கு வந்து எழுத்தும் தையலும் கைத்தொழிலும் கற்றனர். பின்பு செவிலியர் பயிற்சியும் ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்தன. சமையலும் பூசையும் முடிந்து, வீட்டு ஆண்கள் கச்சேரிக்குப் போனபின் கிடைக்கும் நண்பகல் ஓய்வுதான் இப்பெண்டிரின் படிப்பு நேரம். 1849-இல் பம்பாய் இளைஞர் தம் கல்லூரிக்கு முந்திய பொழுதைக் கொடுத்தனர். இங்கே கற்க வந்த பெண்கள் தம் ஒரே ஓய்வுப்பொழுதைக் கொடுத்தனர். இருவகைக் கொடையில் எது பெரிது என்பதை நேயர்கள் முடிவு செய்து கொள்ளலாம். என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது.

சேவாசதனத்தில் கற்றவர் பலர் அங்கேயும் பிற ஊர்களிலும் கற்பிக்க வந்தனர். பிராமண விதவை மருத்துவமனைக்குச் சென்று நோயாளியைத் தொட்டுப் பணி செய்வதா என்று புனே வைதிகர் கொதித்தனர். ரமாபாய் வாதம் செய்வதில் பொழுது போக்கவில்லை. அவர் அமைதியாக வந்து போகும் காட்சியே எதிர்த்தவர் பலரின் வாயை அடைத்தது என்று தோன்றுகிறது. அவர் 1924-இல் மறைந்தார்.

இந்த அலை தெற்கேயும் வந்தது. சகோதரி சுப்புலட்சுமி 1911-ஐ ஒட்டிச் சென்னையில் தம் வீட்டிலேயே சில இளம் விதவைகளை வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். 1912-இல் சாரதா மாதர் சங்கம் அமைந்தது. 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் எழுத்து, தையல், முதலுதவி வகுப்புகளை நடத்தின. 1928-இல் வெங்கடசுப்பா ராவும் அவர் துணைவியார் ஆண்டாளம்மாளும் சென்னையில் நிறுவிய தொண்டு நிலையத்துக்குச் சேவாசதனம் என்றே பெயர் வைத்தனர். புனேயில் புகழ்பெற்ற சொல் சென்னைக்கும் உரியதாயிற்று.

இது வடக்கு நோக்கிப் போன தமிழர்க்கும் அயலான கதை அன்று. பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்ற தென்னாட்டார் மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியபோது, அவர்களும் வாடகை இடத்திலும் நண்பர் நன்கொடையிலும் தொடங்க வேண்டியவர்களாகவே இருந்தனர். இன்று பல மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. அங்கே சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத இல்லத்தரசியர். வங்கிக் கணக்கரும் இரயில்வே அலுவலரும் நாற்காலி போடுகின்றனர். மூன்று நான்கு வீட்டுப் பெண்பிள்ளைகளை ஒருத்தி அழைத்துவருகிறாள். வகுப்பு முடியும்வரை வெளியே அமர்ந்து, இருட்டியபின் அவர்களை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய் விடுகிறாள். சங்கத்தின் ஆண்டறிக்கையில் ஆசிரியர் பெயர் அச்சாகும், நன்கொடையாளர் பெயரும் அச்சாகும். அழைத்து வந்தவள் பெயர் அங்கு இராது. 1849-ஆம் ஆண்டின் பதிவுகளிலும், தாழ்வாரத்தில் வகுப்பு நடக்கையில் உள்ளே வாயிற்படியருகே அமர்ந்து காவல் இருந்த தாய்மார், பாட்டிமார் பெயர்கள் இல்லை.